முன்வீட்டுக்காரர் உரித்த முட்டை

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, குளியலறைக் குழாயில் படியும் சுண்ணாம்புக் கறையை எதைப் போட்டுத் தேய்ப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைக் காட்டித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். செய்யச் செய்யக் கை பழகிவிடும். பழகாவிட்டால் வேறு வேலை பாருங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. கை நன்றாகப் பழகிய பிறகுதான் ஒரு ஆபத்து வருகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுவிஸில், துன் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவளாகத் தொடங்கி, அறைகள் முழுவதற்கும் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அகதியாக வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஜெர்மன் தெரியாது. எனக்கு மேலே இருந்த போர்த்துக்கல்காரிக்கும் அரைகுறைதான். முதல் நாள் அவள் வாயைத் திறக்கவே இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் கோர்த்துவிட்டு, என்னை ஒரு அறைக்குள் தள்ளி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். முதலில் பார், பிறகு தொடு என்பது அதன் அர்த்தம். எனக்கு அது விளங்கச் சில வாரங்கள் ஆனது. அதுவரை அந்த மனுசிக்கு ஏதோ விசர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் காட்டித்தந்தது எதற்கு என்று எனக்கு முழுதாக விளங்கியது பல வருடங்கள் கழித்து, ஒரு கோடைகாலத்தில், இஸ்ரேல்காரரும் பாலஸ்தீனக்காரரும் எங்கள் ஹோட்டலுக்கு வந்து தங்கியபோது.

அரசாங்கம் அனுப்பிய ஆட்கள் அல்ல அவர்கள். கொடியும் இல்லை, கமராவும் இல்லை. இரண்டு பக்கத்திலும் ஐந்தாறு பேர். அவர்களைக் கூட்டிவந்தவர் ஒரு சுவிஸ் பெண்மணி, மெலிந்த உடம்பு, எந்த நேரமும் தொலைபேசி கையில். “சமாதானப் பேச்சுவார்த்தை” என்று முகாமையாளர் எங்களிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்களுடைய ஆட்களும் இந்த நாட்டுக்கு வந்து மேசையில் இருந்து பேசிவிட்டு எழும்பிப் போனவர்கள்தானே. அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.

“கண்டறியாத பேச்சுவார்த்தை! நல்லாத் திண்டு போட்டு, ஏரியையும் படம் எடுத்துக்கொண்டு போகப் போகினம்” என்று செல்வியக்காவிடம் சொன்னேன்.

செல்வியக்காவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் மூத்தவர், சாவகச்சேரிப் பக்கம். அறை செய்வதில் எங்கள் ஹோட்டலில் அவரை வெல்ல ஆள் இல்லை. கண்ணாடி துடைப்பதில் அவருக்கு ஒரு பெருமை. அவர் துடைத்த கண்ணாடிக்கு முன்னால் நின்றால் கண்ணாடி ஒன்று இருப்பதே தெரியாது.

பேச்சு நடந்த மண்டபத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் வைக்கப் போகும்போது அவர்கள் ஆங்கிலத்தில் வாக்குவாதப்படுவது காதில் விழும். நாற்பத்தெட்டு என்பார் ஒருவர். அறுபத்தேழு என்பார் மற்றவர். ஒஸ்லோவில் கையெழுத்து வைத்தீர்களே, என்ன நடந்தது என்பார் இன்னொருவர். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, எண்பத்துமூன்று என்று கலவர ஆண்டுகளைச் சொல்லி அண்ணைமார் கத்துகிற அதே குரல், அதே மேசைத் தட்டு. ஆண்டுகளைச் சொன்னாலே சண்டை தொடங்கிவிடும் சனங்கள் உலகத்தில் நாங்கள் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அவர்கள் வந்தது அந்த ஆண்டுகளைத் தீர்ப்பதற்கு அல்ல. ஒரே ஒரு விஷயத்துக்கு வந்திருந்தார்கள். சண்டையில் செத்தவர்களின் உடல்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைக் குடும்பங்களிடம் திருப்பிக் கொடுக்க ஒரு வழி காண வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்டபோது என் சிரிப்பு நின்றுபோனது.

என் தம்பியின் உடல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உடல் வராமல் அந்தியேட்டி செய்யமாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். முப்பத்தோராம் நாள் செய்யவேண்டிய அந்தக் கிரியை செய்யப்படாமலே கிடக்க, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு உடலுக்காகக் காத்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே சோற்றுக்கும் ருசி இருக்காது, கலியாணத்துக்கும் களை இருக்காது. ஆகவே அந்தக் கிழமை முழுவதும் மண்டபக் கதவைக் கடக்கும்போது, இவர்களுக்காவது ஒன்று சரிவரட்டும் என்று மனதுக்குள் நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டுதான் போனேன்.

அவர்களில் இரண்டு பேரைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெயர் சொல்லமாட்டேன். விருந்தினரின் பெயர் எங்கள் வாயால் வெளியே போகக்கூடாது, அதையும் பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் ஜெருசலேமில் வழக்காடுகிற லோயர். எழுபது வயதிருக்கும், உயரம், கறாரான பேச்சு. தன் பக்கத்தில் காத்திருக்கும் குடும்பங்களுக்காக வருடக்கணக்காக அலைந்தவர். மற்றவர் ஹெப்ரோனைச் சேர்ந்தவர். இஸ்ரேல்காரரின் வீடுகளுக்கு முப்பது வருடமாக மாபிள் கல் பதித்தவர். நாங்கள் அவரை மாபிள் ஐயா என்போம். அவருடைய கடைசி மகனின் உடல் எங்கோ ஒரு குளிரறையில் கிடந்தது. மனைவி ஒவ்வொரு நாளும் மகனுடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறாள் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் விரிப்பு மாற்றுகிறவள் என்பதால் சொன்னாரோ தெரியாது.

இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு மாடியில் வைக்கச் சொல்லித்தான் அந்தச் சுவிஸ் பெண்மணி கேட்டிருந்தார். ஒரு மாடியில் திருத்த வேலை நடந்ததால் அது முடியவில்லை. லோயரின் அறையும் மாபிள் ஐயாவின் அறையும் எதிரும் புதிருமாக அமைந்துவிட்டன. “மண்டபத்துக்கு வெளியே ஒருத்தர் அறைக்குள்ள மற்றவர் போகக்கூடாது. நான் இல்லாமல் வேண்டாம். ஏதும் நடந்தால் எல்லாம் குழம்பிவிடும்” என்று அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பேச்சு முறிந்தது. யாருடைய உடல்கள் முதலில் என்ற பேச்சு வந்திருக்கிறது. லோயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாராம்: “முதலில் எங்கள் ஆட்கள். உங்கள் மகனைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.” மாபிள் ஐயா எழும்பி வந்தார், பெட்டியை அடுக்கினார், பின்னேரம் விமான நிலையத்துக்கு டாக்ஸி பிடித்துத்தரச் சொன்னார். அவர் போனால் அவர் பக்கத்தில் மற்றவர்களும் போய்விடுவார்கள் என்பது எங்கள் சமையற்கட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் லோயருக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. அவருடைய அக்கா காலமாகிவிட்டார். வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தவர்தான், ஆனாலும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் உடலை வைத்திருக்க மாட்டார்கள், அன்று பின்னேரமே அடக்கம். எந்த விமானத்தில் ஏறினாலும் போய்ச் சேர முடியாது. சுவிஸ் பெண்மணி கீழே நின்று மறுநாள் விமானத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். லோயர் ஏரிக்கரை வாங்குப் பலகையில் தனியாக இருந்து, அக்காவின் அடக்கத்தைக் காதில் தொலைபேசியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரம் மேல் மாடியில் இருந்த எங்கள் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

செல்வியக்கா வழக்கம்போல லோயரின் அறைக்குள் போனார். அலுமாரிப் பக்கத்துப் பெரிய கண்ணாடிக்கு மேல் ஒரு கட்டில் விரிப்பு தொங்கியது. “உதென்ன கூத்து” என்று அதை இழுத்து மடித்து வைத்தார். பிறகு தன் கைவண்ணத்தைக் காட்டினார். ஒரு விரல் அடையாளம் இல்லாமல் கண்ணாடியைத் துடைத்துப் பளபளக்க வைத்தார். கை நன்றாகப் பழகியிருந்தது, பாருங்கள்.

அவர் முடிக்கும்போது லோயர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சேட்டின் கழுத்துப் பக்கம் கிழிந்து தொங்கியது. எதிரே கண்ணாடியில் தன் முகத்தையே முழுதாகப் பார்த்தார். செல்வியக்கா சொன்னபடி, அந்த உயரமான மனிதர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, பெட்டி வைக்கிற தாழ்ந்த பலகையில் அப்படியே குந்திவிட்டார்.

நான் மாடிக்கு ஏறிவந்தபோது செல்வியக்கா நடையில் நின்று அழுதுகொண்டிருந்தார், விரிப்பு கையில். எதிரே மாபிள் ஐயா தன் கதவடியில் பெட்டியோடு நின்றார்.

“நான் என்னடி பிழை செய்தனான்? கண்ணாடியைத்தானே துடைச்சனான்! அந்த மனுசன் என்னைக் கண்டு அழுறார்” என்றார் செல்வியக்கா.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாபிள் ஐயா செல்வியக்காவின் கையிலிருந்த விரிப்பைப் பார்த்தார். பிறகு பாதி திறந்திருந்த கதவினூடாக அந்தத் தாழ்ந்த பலகையைப் பார்த்தார். கிழிந்த சேட்டைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

“ஆர் செத்தது?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது ஐயா. ஆரும் செத்ததெண்டு எப்படிச் சொல்லுறியள்?”

“நான் அவையளின்ர வீடுகளில வேலை செய்தனான். செத்தவீடெண்டால் கண்ணாடியை மூடுவினம். நிலத்தோட பதிவா இருப்பினம். உடுப்பைக் கிழிப்பினம்.” கொஞ்சம் நின்று, “அந்தத் துணியை இஞ்ச தாங்கோ” என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் கேட்கிறேன், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அறைக்குள் போகவிடக்கூடாது என்பது உத்தரவு. காலையில்தான் அந்த லோயர் இவருடைய செத்த மகனைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் உள்ளே போய் ஒரு சொல் சொல்லலாம், உனக்கும் வேணும் என்று. கையைக்கூட ஓங்கலாம். அப்படி ஏதும் நடந்தால் ஒரு ஹோட்டலின் மானம் மட்டும் போகாது, அந்தக் குளிரறைகளில் கிடக்கும் பிள்ளைகள் அங்கேயே கிடப்பார்கள். சுவிஸ் பெண்மணியைக் கூப்பிட்டால் அவர் மேலே வரும் முன் டாக்ஸி வந்து இவர் போயேவிடுவார்.

என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோர்த்துக்கொண்டன. மாபிள் ஐயாவைப் பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை, அந்தப் போர்த்துக்கல்காரி பார்க்கச் சொன்ன மாதிரிப் பார்த்தேன். அவர் பெட்டியின் கைபிடியை விட்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கதவடியில் சோடியாக வைத்திருந்தார். சண்டைக்குப் போகிறவன் சப்பாத்தைக் கழற்றமாட்டான்.

செல்வியக்காவிடமிருந்து விரிப்பை வாங்கினேன். மாபிள் ஐயாவிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன், மற்றப் பக்கத்தை நானே பிடித்துக்கொண்டேன். “வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம்” என்றேன். கதவை மெல்லத் தட்டினேன். லோயர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

அறைக்குள் போனால் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஹோட்டல் சட்டம். நான் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குள் போகும்போது யாழ்ப்பாணத்தில் யார் வணக்கம் சொல்வார்கள்? வாய் தானாக மூடிக்கொண்டது. மாபிள் ஐயாவும் ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது லோயரின் ஆட்களின் வழக்கமாம். மூன்று பேரும் மூன்று ஊர் வழக்கத்தில் பேசாமல் இருந்தோம்.

விரிப்பை உயர்த்தினோம். கண்ணாடியில் ஒரு கணம் நாங்கள் மூவரும் தெரிந்தோம். நான், அவர், பின்னால் தாழக் குந்தியிருந்த மனிதர். பிறகு விரிப்பு இறங்கி மூடிக்கொண்டது. கோயிலில் திரை விலகும்போது வருகிற நடுக்கம் எனக்குத் தெரியும். ஒரு திரை மூடும்போது அது வரும் என்று நான் அறிந்திருக்கவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு அறை செய்து கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்ததைப் போல ஒரு பாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

லோயர்தான் முதலில் பேசினார். “என் அக்கா” என்றார். அவ்வளவுதான் வந்தது.

மாபிள் ஐயா அவரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தார். நானும் பின்னால் வந்தேன். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை, செத்தவீட்டில் அதையும் சொல்வதில்லை. நடையில் மாபிள் ஐயா என்னைக் கேட்டார்.

“அவர் என்ன சாப்பிட்டவர்?”

“ஒண்டும் இல்லை. கீழ இருந்து ஏதும் அனுப்பவோ?”

“ஹோட்டல் சாப்பாடு சரிவராது. அது அவர் தன்ர காசில வாங்கிறது. அடக்கத்துக்குப் பிறகு முதல் சாப்பாட்டை அயல்வீடுதான் குடுக்க வேணும். அவையளிட்டயும் அப்பிடித்தான், எங்களிட்டயும் அப்பிடித்தான்.”

“எங்களிட்டயும் அப்பிடித்தான் ஐயா” என்றேன். செத்தவீட்டில் எங்கே அடுப்பு மூட்டுகிறோம்? அயலட்டையில் இருந்துதானே சோறு வரும். “ஆனா இந்த ஊரில அவருக்கு அயல்வீடு எங்க இருக்கு?”

மாபிள் ஐயா எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கதவுகளையும் பார்த்தார். “நான்தானே முன்வீட்டுக்காரன்” என்றார்.

அவரைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போனேன். விருந்தினரை அடுப்படிக்கு விடுவதா என்று தலைமைச் சமையற்காரர் குதித்தார். “பத்து நிமிசம் உங்கட அடுப்பை எனக்குத் தாங்கோ, பிறகு ஒரு மாசத்துக்கு என்னை ஏசுங்கோ” என்றேன். மாபிள் ஐயா தானே முட்டை அவித்தார். துக்க வீட்டுக்கு முட்டைதான் கொடுப்பார்களாம், அதற்கு வாய் இல்லை, துக்கப்படுகிறவனுக்கும் வாய் இல்லை என்று தன் பழைய முதலாளி வீட்டில் கேட்டதைச் சொன்னார். கதைத்துக்கொண்டே நின்றதில் முட்டை கண்டபடி அவிந்துபோனது. சமையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முட்டையைத் தட்டில் வைத்து மேலே கொண்டுபோய், பெட்டியிலிருந்து ஊர்ப் பேரீச்சம்பழத்தையும் எடுத்து அதில் வைத்துக்கொண்டு லோயரின் அறைக்குள் போனார்.

நான் கதவடியில் நின்றேன். மாபிள் ஐயா தரையில் இருந்தார். கல் வெட்டி வெட்டித் தடித்துப்போன விரல்களால் முட்டைக் கோதை மெல்ல மெல்ல உரித்தார். துக்கக்காரன் தன் முட்டையைத் தான் உரிக்கக்கூடாதாம். உரித்ததை நீட்டியபடி ஹீப்ரூவில் ஏதோ சொன்னார். வெளியே வந்து எனக்கு அதைச் சொன்னார்: “உன்னை மன்னிக்க வரேல்ல. நீ சாப்பிட வேணும் எண்டு வந்தனான்.”

லோயர் அந்தக் கல் மாதிரி முட்டையைக் கண்ணீரோடு மென்று விழுங்கினார். ஒரு குறையும் சொல்லவில்லை.

டாக்ஸிக்காரர் வாசலில் நின்று ஹோர்ன் அடித்துக் களைத்து, ஏசிவிட்டுப் போனார். அதற்கு முகாமையாளரிடம் நான் நல்ல வாங்கு வாங்கினேன். சுவிஸ் பெண்மணி மூச்சிரைக்க ஓடிவந்து, கதவினூடாக அந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார். என்னை ஏசவில்லை. அன்று மாலை இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த அறைக்கு வந்து தரையில் இருந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போலச் செத்துப்போன அக்காவைப் பற்றித்தான் கதைத்தார்கள். நாற்பத்தெட்டும் இல்லை, அறுபத்தேழும் இல்லை.

மறுநாள் காலை லோயர் புறப்படும்போது நடையில் எல்லோரும் நின்றோம். அவர் சுவிஸ் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “எங்கட ஆக்களிட்டச் சொல்லுங்கோ, வரிசை வேண்டாம். முதல், பிறகு எண்டு ஒண்டும் இல்லை. எல்லாரையும் ஒண்டாக் கேப்பம்.” பிறகு மாபிள் ஐயாவின் பக்கம் திரும்பினார். “உங்கட மகன் வீட்டுக்கு வாற அண்டைக்கு, முதல் சாப்பாடு நான் கொண்டுவருவன்.” மாபிள் ஐயா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

செல்வியக்கா அவருக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். லோயர் குனிந்து, “கண்ணாடி மிகவும் சுத்தமாக இருந்தது” என்றார். செல்வியக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

சமாதானம் வந்ததா என்று கேட்காதீர்கள். நீங்களும் செய்தி பார்க்கிறீர்கள்தானே. அதற்குப் பிறகும் எவ்வளவோ கொடுமை நடந்தது, இன்னும் நடக்கிறது. செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்களோ என்று யோசிப்பேன். மாபிள் ஐயா என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிப் போயிருந்தார். பெருநாளுக்கு ஒரு வாழ்த்து வரும், பொங்கலுக்கு நான் ஒன்று அனுப்புவேன். மகனைப் பற்றி நான் கேட்கமாட்டேன். கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, ஒருநாள் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் நிறைய ஆட்களின் சத்தம், பாத்திரங்களின் சத்தம். கையிலிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டேன். அதையும் எங்கள் தமிழில் தருகிறேன்.

“அம்மா, என்ர மகன் வந்திட்டான். இண்டைக்குக் காலமை அடக்கம் செய்தாச்சு. லோயரை எங்கட ஊருக்குள்ள வர விடேல்ல. சோதனைச் சாவடியில வெயிலுக்க சட்டியோட நிண்டிருக்கிறார். என்ர தம்பி போய் வாங்கிக்கொண்டு வந்தவன். அந்த மனுசன் என்னைப் பழிவாங்கிப் போட்டார் அம்மா. முட்டை எல்லாம் கல்லு. நாங்கள் ஒண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டனாங்கள்.”